தொழில் புதுமையில் பண்பாட்டு மானிடவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்பாட்டு மானிடவியல் பழங்குடிகளைப் பற்றிய படிப்புதானே? நிறுவனத்துக்கு அதில் என்ன வேலை?

பழங்குடிகளிடமிருந்துதான் அந்தத் துறை புறப்பட்டது. ஆனால் அதன் கேள்வி எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானது: மனிதர்கள் தங்கள் அன்றாடத்தை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள், எதைத் தகும் என்றும் எதைத் தகாது என்றும் வகுக்கிறார்கள், கையில் இருக்கும் பொருளுக்கு என்ன அர்த்தம் ஏற்றுகிறார்கள்? ஒரு செயலியை ஏன் பாதியில் கைவிட்டார்கள், வாங்கிய கருவியை ஏன் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இதே கேள்வியின் கிளைகள்தாம்.

அதன் முறை களப்பணி. புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1915க்கும் 1918க்கும் இடையில் பசிபிக் பகுதியிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அன்றாட நடப்புகளை நாள்தோறும் எழுதிவைத்தார். உடன் இருந்து பார்ப்பது, உள்ளிருப்பவரின் கண்ணால் விளங்கிக்கொள்வது, பார்த்ததை விரிவாக எழுதுவது ஆகிய மூன்றும் இன்றும் அடித்தளம். நிறுவனங்களுக்கான ஆய்வில் கால அளவு மட்டுமே சுருங்குகிறது.

தொழில்துறையில் இது புதிய வழக்கமா?

இல்லை. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை வேலைத்திறன் பற்றிய சோதனைகள் நடந்தன. அவற்றின் கடைசிக் கட்டத்தை வடிவமைக்க லாயிட் வார்னர் என்ற மானிடவியலாளர் ஆலோசனை தந்தார். 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை 14 ஆண் தொழிலாளர்கள் ஒரு தனி அறையில் தங்கள் வழக்கமான வேலையைச் செய்தார்கள். ஒருவர் அறைக்குள் அமர்ந்து எதிலும் தலையிடாமல் குறிப்பெடுத்தார். இன்னொருவர் வெளியே நேர்காணல் நடத்தினார்.

குழு கூடுதலாக உற்பத்தி செய்தால் எல்லோருக்கும் கூடுதல் கூலி என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று தொழிலாளர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியவருக்குக் கேலிப் பெயர் கிடைத்தது; மேல்கையில் ஒரு குத்தும் விழுந்தது. ஊக்கத்தொகைத் திட்டம் தனிமனிதக் கணக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொழிலாளர்களோ குழுவின் நெறிப்படி நடந்தார்கள். புதிய சம்பளத் திட்டமோ புதிய மென்பொருளோ கொண்டுவரும் எவரும் இந்த அறையை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சர்வே எடுத்தால் போதாதா? ஆயிரம் பேரிடம் கேட்பது பன்னிரண்டு பேரைப் பார்ப்பதைவிட நம்பகமானது அல்லவா?

ஆயிரம் பேர் சொல்வதை சர்வே துல்லியமாக எண்ணித் தரும். சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அதுவே போதும். ஒன்றாக இல்லாத இடத்தில், பிழையையும் அது துல்லியமாக எண்ணித் தரும்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்யே 1973இல் தொடங்கிய குப்பை ஆய்வு இதற்கு நேரடிச் சான்று. வீடுகளில் இருந்து வந்த குப்பையை மாணவர்கள் பிரித்து, எண்ணி, எடைபோட்டார்கள். அதே வட்டாரத்தில் மக்கள் நேர்காணலில் சொன்னதோடு ஒப்பிட்டபோது, சொன்ன மது அளவைவிடக் குப்பையில் கிடந்த புட்டிகள் அதிகம். இவர்கள் எல்லோரும் பொய்யர்கள் அல்லர். தன்னைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் சித்திரத்துக்குள் எது அடங்குகிறதோ அதுதான் நினைவிலும் நிற்கிறது. ‘வாரம் எத்தனை முறை?’ என்று கேட்டால் அந்தச் சித்திரம்தான் பதில் சொல்லும்.

இரண்டையும் வரிசைப்படுத்திப் பயன்படுத்துங்கள். முதலில் களத்தில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று பாருங்கள். பிறகு அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று சர்வேயில் எண்ணுங்கள். வரிசையை மாற்றினால், எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமலே கேள்வித்தாள் எழுதுவீர்கள்.

நிறுவனத்தின் பொருளை மாற்றிய ஆய்வு ஒன்றை விளக்க முடியுமா?

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மேன் என்ற மானிடவியலாளர் செய்தது மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. புதிதாக வந்த பெரிய நகல் இயந்திரம் சிக்கலாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைசொன்னார்கள். திரையில் படிப்படியாக அறிவுரை தரும் அமைப்பு ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது பொறியாளர்களின் எண்ணம்.

சச்மேன் இருவர் இருவராக ஆட்களை இயந்திரத்தின் முன் நிறுத்தி, ஒரு வேலையைக் கொடுத்து, காணொளியில் பதிவு செய்தார். இருவர் என்பது தற்செயல் அல்ல. தனி ஆள் மனத்துக்குள் யோசிப்பார். இருவர் இருந்தால் ‘இப்போது என்ன கேட்கிறது?’, ‘இதைத்தானே செய்தோம்?’ என்று வாய்விட்டுப் பேசியாக வேண்டும். யோசனை காதில் விழும். அந்த மையத்தில் எடுத்த காணொளி ஒன்றில் திணறுபவர்கள் கணினி அறிவியலில் பெயர்பெற்ற ஆய்வாளர்கள். ‘பயனருக்கு விவரம் போதாது’ என்ற விளக்கம் அத்தோடு விழுந்தது.

பதிவுகளை அவர் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையில் எழுதினார். முதல் பத்தியில், இயந்திரத்துக்கு எட்டாத பயனர் செயல்கள்: பேச்சு, தயக்கம், சுட்டிக்காட்டல். இரண்டாவதில், இயந்திரத்துக்கு எட்டிய செயல்கள்: மூடி திறந்தது, பொத்தான் அழுத்தப்பட்டது. மூன்றாவதில், இயந்திரம் செய்ததில் பயனருக்குத் தெரிந்தவை. நான்காவதில், இயந்திரம் அப்படிச் செய்ததற்கு வடிவமைப்பாளர் வைத்திருந்த காரணம். நடுவில் இருக்கும் இரண்டு பத்திகளை மட்டும் படித்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தெரியும். ஓரப் பத்திகளைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் பயனர் ஒரு கதையிலும் இயந்திரம் வேறொரு கதையிலும் இருப்பது புலப்படும்.

‘அறிவுரையை எப்படித் தெளிவாக்குவது?’ என்று நிறுவனம் கேட்டது. ‘பயனர் எங்கே நிற்கிறார் என்பதே இயந்திரத்துக்குத் தெரியாதபோது எந்த அறிவுரை உதவும்?’ என்று ஆய்வு கேள்வியை மாற்றியது. மானிடவியல் ஒரு நிறுவனத்துக்குத் தரக்கூடிய பெரிய உதவி இப்படிக் கேள்வியை மாற்றித் தருவதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். அந்த நான்கு பத்தி அட்டவணையை இன்றைய செயலிக்கோ உரையாடும் மென்பொருளுக்கோ அப்படியே பயன்படுத்தலாம்.

வாடிக்கையாளரை மட்டும்தான் ஆராய வேண்டுமா?

ஊழியர்களையும் ஆராயலாம், பல நேரம் அங்கேதான் விரைவான பலன். அதே மையத்தில் ஜூலியன் ஓர் (Julian Orr) என்ற மானிடவியலாளர் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றினார். கையேட்டில் ‘இந்தப் பிழைக்கு இந்தப் பரிசோதனை’ என்று வழித்தடம் இருந்தது. கடினமான பழுதுகளோ, சாப்பிடும் வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால் தீர்ந்தன: எந்த இயந்திரம், என்ன அறிகுறி, முதலில் எதைச் சந்தேகித்தோம், கடைசியில் எது காரணம். செலவுக் கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த நேரம் வீண். உண்மையில் அறிவு கைமாறிய இடம் அது. இந்தப் புரிதலின் வழியே 1990களில் யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பு உருவானது. பழுதுபார்ப்பவர்களே குறிப்பு எழுதுவார்கள், சக பணியாளர்கள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயர் குறிப்போடு நிற்கும்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

ஏறத்தாழ ஒரே தன்மை கொண்ட குழுவாக இருந்தால் 12 பேர் நல்ல தொடக்கம். 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோர் 60 நேர்காணல்களைப் பகுத்து, பெரும்பாலான கருப்பொருள்கள் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே வந்துவிட்டதாகக் காட்டினார்கள். குழுக்கள் வேறுபட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

எண்ணிக்கையைவிட யாரைத் தேர்கிறோம் என்பது முக்கியம். சராசரி வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்தால் ஏற்கெனவே தெரிந்ததே திரும்பி வரும். 12 பேரில் 5 பேர் வழக்கமான பயனர், 2 பேர் மிக அதிகம் பயன்படுத்துபவர், 2 பேர் பயன்படுத்தி நிறுத்தியவர், 2 பேர் வாய்ப்பிருந்தும் தொடாதவர், ஒருவர் பொருளை நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துபவர் என்று பிரித்துப் பாருங்கள். நிறுத்தியவரைக் கண்டுபிடிப்பது கடினம். அவருக்காகக் கூடுதலாக ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

ஓர் ஆய்வு எத்தனை நாள் பிடிக்கும்? என்னென்ன படிகள்?

12 பேர் கொண்ட ஆய்வுக்கு 8 வாரம் நியாயமான அளவு.

முதல் வாரம் நிறுவனத்துக்குள். முடிவெடுக்கும் ஒவ்வொருவரிடமும் ‘வாடிக்கையாளர் இப்படித்தான் என்று எதை நம்புகிறீர்கள்?’ என்று கேட்டு எழுதுங்கள். 15 முதல் 20 ஊகங்கள் சேரும். பின்னால் கள முடிவுகளை வைத்துப் பார்க்க ஒப்பீடு வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எந்தக் கண்டறிதலைச் சொன்னாலும் ‘இது எங்களுக்கு முன்பே தெரியும்’ என்பார்கள்.

இரண்டாம் வாரம் ஆள் தேர்வும் ஒப்புதலும். மூன்று முதல் ஐந்தாம் வாரம் வரை களம்: நாளொன்றுக்கு ஒரு சந்திப்பு, வாரத்துக்கு நான்கு. ஒவ்வொன்றும் 3 மணி நேரம். இருவர் போக வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் எழுத. மூன்றாவதாக நிறுவனத்திலிருந்து ஒருவரை முறைவைத்து அழைத்துப் போகலாம், விற்பனைப் பேச்சு பேசமாட்டார் என்ற உறுதியோடு. நான்கு பேர் நுழைந்தால் வீடு வீடாக இருக்காது, விசாரணைக் கூடமாகிவிடும்.

ஆறு, ஏழாம் வாரங்கள் பகுப்பாய்வு. எட்டாவது வாரம் யோசனைகளும் கச்சா மாதிரிகளும். பணமும் நாளும் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பகுப்பாய்வு வாரங்கள்தாம். அதைவிடப் பெரிய தவறு இல்லை. சந்திப்புகளை 12இலிருந்து 8ஆகக் குறையுங்கள், பகுப்பாய்வைத் தொடாதீர்கள்.

சந்திப்பில் என்ன கேட்பது?

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் வரும். ‘வழக்கமாக என்ன செய்வீர்கள்?’ என்பதற்குப் பதிலாக ‘கடைசியாக எப்போது செய்தீர்கள்? அன்று முதலில் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். ‘காட்ட முடியுமா?’ என்பது மிகப் பயனுள்ள கேள்வி. பொருள் இருக்கும் இடத்தையும், அதன் மேல் ஒட்டிய குறிப்புச் சீட்டையும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒட்டுச்சீட்டு, கட்டிய கயிறு, சுவரில் எழுதிய எண் ஒவ்வொன்றும், பயனர் உங்கள் பொருளில் இருந்த குறையைத் தானே சரிசெய்துகொண்ட தடயம்.

‘ஏன்?’ என்று அடுக்கிக் கேட்டால் மனிதர்கள் நியாயம் தேடத் தொடங்குவார்கள். ‘வேறு விதமாகச் செய்தால் யார் என்ன சொல்வார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்; நெறி வெளியே வரும். ‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். விருந்தாளியை ஏமாற்ற மனமில்லாமல் ‘வாங்குவேன்’ என்பார்கள். அதை நம்பித் தொழிற்சாலை கட்டக் கூடாது.

களக்குறிப்பு எழுதுவதில் என்ன கவனம் வேண்டும்?

அன்றே எழுத வேண்டும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். ஒரு மணி நேரம் பார்த்ததை விரித்து எழுத 2 மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். மென்பொருள் எழுத்தாக்கினாலும் ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் மௌனங்களையும் குரல் தாழ்ந்த இடங்களையும் அது விட்டுவிடும்.

பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், அவர்கள் சொற்களிலேயே. வலப்பக்கம் உங்கள் விளக்கமும் ஐயமும். ‘எரிச்சலடைந்தார்’ என்பது விளக்கம்; ‘திரையை இரண்டு முறை தட்டி, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்’ என்பது கண்டது. இரண்டும் கலந்துவிட்டால், மூன்று வாரம் கழித்து எது உண்மை எது ஊகம் என்று எழுதியவருக்கே தெரியாது.

கண்டறிதல் எப்படிப் புதுமையாக மாறும்?

எடுத்துக்காட்டாக, மாத்திரை நினைவூட்டும் செயலி ஒன்று செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஊகம்: மக்கள் மறக்கிறார்கள், ஆகவே மணி அடித்தால் சாப்பிடுவார்கள். களத்தில் தெரிவது: மாத்திரை எடுத்துத் தருவது துணைவர் செய்யும் அக்கறைச் செயல். செயலியின் மணி அந்த அக்கறையில் குறை கண்டது போல ஒலிக்கிறது, அதனால் அணைத்துவிடுகிறார்கள்.

இதை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். யார், எந்தச் சூழலில், என்ன செய்கிறார். அது அவருக்கு என்ன அர்த்தம். நம் பொருள் அதற்கு மாறாக எதை ஊகிக்கிறது. ‘மாத்திரை தருவது இங்கே அக்கறையின் வெளிப்பாடு, நம் செயலியோ அதை நோயாளி ஒருவரின் நினைவாற்றல் பிரச்சினை என்று ஊகிக்கிறது.’ கடைசிப் பகுதி இல்லாத வாக்கியம் சுவையான செய்தியாக நின்றுவிடும்.

பிறகு அந்த ஊகத்தைத் திருப்புங்கள். மணி நோயாளிக்குப் போகாமல், தருபவருக்கு ‘இன்று தந்தாயிற்று’ என்று குறித்துக்கொள்ளும் இடம் ஒன்று இருந்தால்? தருபவர் வெளியூர் போகும் நாளில் மட்டும் செயலி பொறுப்பேற்றால்? காகிதத்தில் 3 மாதிரிகள் வரைந்து, அதே வீடுகளில் 4 வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், கையில் கொடுத்து நேற்றைய நாளை அதை வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கை தயங்குகிறதோ அங்கே வேலை மிச்சம் இருக்கிறது.

மானிடவியல் கோட்பாடுகள் உண்மையில் பயன்படுமா, அல்லது முறை மட்டும் போதுமா?

முறை மட்டும் இருந்தால் நல்ல குறிப்புகள் கிடைக்கும். அவற்றை எதோடு சேர்த்துப் படிப்பது என்பதைக் கோட்பாடு சொல்லும். மூன்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ஆர்னால்ட் வான் ஜெனப் 1909இல், வாழ்க்கைக் கட்டம் மாறும் சடங்குகளைப் பிரிதல், வாசல்நிலை, சேர்தல் என்று மூன்றாகப் பகுத்தார். பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் அலுவலகத்தை இப்படிப் பாருங்கள். பயிற்சி வகுப்பு சேர்தலைப் பற்றியது. பிரிதலுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. வாசல்நிலையில் நிற்பவருக்கு, அதாவது பழையதில் தேர்ந்தவராக இருந்து புதியதில் கற்றுக்குட்டியானவருக்கு, மதிப்பு போய்விடுகிறது. புதிய மென்பொருளுக்கு எதிர்ப்பு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மார்செல் மாஸ் 1925இல் கொடையை ஆராய்ந்து, கொடுக்கவும் பெறவும் திருப்பித் தரவும் கடமை உண்டு என்றார். நண்பரை அழைத்து வந்தால் பணம் என்ற திட்டம் இங்கே சறுக்கும். நண்பருக்குச் சொன்ன நல்ல வார்த்தை கொடை. அதற்குக் கூலி வைத்தால் தரகாகிவிடும். அழைத்தவருக்கு அல்லாமல் அழைக்கப்பட்டவருக்குச் சலுகை தந்தால் கொடை கொடையாகவே நிற்கிறது.

அழுக்கு என்பது இடம் மாறிய பொருள் என்ற பார்வையை மேரி டக்ளஸ் 1966இல் விரித்துரைத்தார். பழுதுநீக்கி மறுபடி விற்கும் சாதனங்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். தொழில்நுட்பப்படி சுத்தமாக இருந்தாலும், முந்தைய உரிமையாளரின் தடம் ஒன்று தென்பட்டால் போதும், தொட மனம் வராது. உறையையும் பட்டையையும் காதில் படும் பாகத்தையும் புதிதாக மாற்றுவது, உள்ளே இருக்கும் சில்லுக்குத் தரும் உத்தரவாதத்தைவிட அதிகம் பேசக்கூடும்.

எங்கே அதிகம் தவறுகிறது?

முடிவை முன்பே எடுத்துவிட்டு ஆய்வைச் சான்றிதழாகக் கேட்பது முதல் தவறு. ‘எந்தக் கண்டறிதல் வந்தால் இந்தத் திட்டத்தை நிறுத்துவீர்கள்?’ என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். பதில் இல்லை என்றால் ஆய்வு தேவையில்லை.

இரண்டாவது, பண்பாட்டை முத்திரையாக்குவது. ‘அந்த நாட்டார் இப்படித்தான்’ என்று அறிக்கை சொன்னால் அதைத் திருப்பி அனுப்புங்கள். பண்பாடு மனிதர்கள் மேல் ஒட்டிய நிறம் அல்ல. அவர்கள் தங்களுக்குள் விவாதித்தும் மீறியும் நடத்திக்கொண்டிருப்பது. எந்தச் சூழலில் யார் மீறுகிறார் என்று சொல்லாத அறிக்கை அரைகுறை.

மூன்றாவது, ஒரு மணி நேர நேர்காணலுக்கு இனவரைவியல், அதாவது மக்களோடு இருந்து பார்த்து எழுதும் களஆய்வு, என்று பெயர் வைப்பது. வேலை நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் பார்க்காவிட்டால் அது நேர்காணல்தான். நேர்காணலுக்கும் பயன் உண்டு. இல்லாத எடையை அதன் மேல் ஏற்றாமல் இருந்தால் போதும்.

பெருந்தரவு இருக்கும்போது இது எதற்கு?

பயனர் செயல்கள் தானாகச் சேரும் அந்தப் பதிவேட்டில் இருப்பது நடந்த செயல். அதன் அர்த்தம் அங்கே இல்லை. கிளிஃபர்ட் கியர்ட்ஸ் 1973இல் அடர்விவரணையை, அதாவது செயலை அதன் அர்த்தத்தோடு சேர்த்து எழுதுவதை, விளக்கக் கையாண்ட எடுத்துக்காட்டு இதற்கும் பொருந்தும்: கண் துடிப்பதும் கண் சிமிட்டிச் சைகை செய்வதும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்து நிமிடம் ஒரு பக்கத்தில் நின்றவர் ஆர்வமாகப் படித்தாரா, குழம்பி நின்றாரா, தேநீர் போடப் போனாரா? தரவில் விசித்திரமாகத் தெரியும் இடத்தைக் குறித்து, அங்கே களத்துக்குப் போவதே நல்ல சேர்க்கை.

மானிடவியலாளரை வேலைக்கு வைக்க முடியாத சிறு நிறுவனம் என்ன செய்யலாம்?

உங்கள் பொருள் பயன்படும் இடத்துக்கு ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைநாள் போய், ஒன்றும் விற்காமல் பார்த்துவிட்டு, மேலே சொன்னபடி கண்டது இடப்பக்கம், விளக்கம் வலப்பக்கம் என்று குறிப்பு எழுதட்டும். ஆறு மாதத்தில் 13 சந்திப்புகள் சேரும். இன்னொரு பயிற்சி: உங்கள் பொருளைப் பயன்படுத்தும் முறையை, அதைக் கண்டே அறியாத அந்நியர் எழுதும் சடங்கு விவரம் போல ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1956இல் ஹொரேஸ் மைனர் அமெரிக்கர்களின் பல்துலக்கும் வழக்கத்தை அப்படித்தான் எழுதினார். பழக்கத்தால் கண்ணில் படாமல் போன படிகள் உடனே தெரியும். பகுப்பாய்வுக்கு மட்டும் பயிற்சி பெற்ற ஒருவரைச் சில நாள்கள் அழைத்தாலும் பெரிய உதவி.

எப்போது இந்த ஆய்வு வேண்டாம்?

கேள்வி ‘எவ்வளவு’, ‘எது வேகம்’ என்பதாக இருக்கும்போது. இரண்டு பொத்தான் நிறங்களில் எது என்று முடிவெடுக்க யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

பங்கேற்பவர்களுக்கு நாம் பட்ட கடமை என்ன?

அமெரிக்க மானிடவியல் சங்கம் 2012இல் வெளியிட்ட நெறிகளில் முதலாவது, தீங்கு செய்யாதே. யாருக்காக ஆய்வு செய்கிறோம், எதைப் பதிகிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை அவர்கள் மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நடுவில் விலகினாலும் பேசிய தொகையை முழுதாகக் கொடுங்கள். படத்தில் முகமும் முகவரியும் மருந்துச் சீட்டும் விழுந்தால் அன்றே மறையுங்கள்.

ஊழியர்களை ஆராயும்போது இன்னும் கவனம் வேண்டும். விதியை மீறித்தான் வேலை நடக்கிறது என்பது களத்தில் கட்டாயம் தெரியவரும். அதை யார் செய்தார் என்று மேலாளருக்குத் தெரியும்படி எழுதினால், ஒருவரின் வேலை போகலாம். அதன்பின் அந்த நிறுவனத்தில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஐந்து பேர் கொண்ட பிரிவில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது; பதவி, வயது, வேலை நேரம் எல்லாமே அடையாளம் காட்டும். பல பிரிவுகளில் கண்டதைச் சேர்த்து எழுதுங்கள். மூலக் குறிப்புகள் ஆய்வாளரிடமே இருக்கும், நிறுவனத்துக்குத் தரப்படமாட்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், களம் தொடங்கும் முன்பே.